முனிரத்தினம் வெட்டிய ஏழு விநாடிகள்

செய்தி வந்தபோது நான் ஒலிபரப்பு அறைக்குள், நேரலையில் இருந்தேன். காலை பத்தரை மணி. தக்காளியில் வரும் இலைச்சுருட்டலைப் பற்றி வேளாண் அலுவலர் ஒருவர் எதிரே உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருந்தார். வாசலுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கைப்பேசியை வழக்கம்போல வெளியே வைத்துவிட்டு வந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கட்டுப்பாட்டு அறையில் மிக்ஸர் முன்னால் இருந்த ஷியாமளா ஒரு தாளைத் தூக்கிக் காட்டினாள். "முனிரத்தினம் சார் இறந்துட்டாராம். தேன்கனிக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல. ஹார்ட் அட்டாக்."

எனக்கு அழுகை வரவில்லை. "யார் சொன்னது?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டேன். அவள் தாளைத் திருப்பி, "அவர் மச்சான்" என்று எழுதிக் காட்டினாள். அப்போதும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. பாட்டு ஒன்றைப் போடச் சொல்லிவிட்டு வெளியே ஓடிவந்து, மச்சானின் எண்ணுக்கு நானே பேசிய பிறகுதான் நம்பினேன். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்று ஒன்பதே காலுக்கு வராந்தாவில் அவருடைய டிபன் பை மாட்டியிருக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு டிமிக்கியா, டைரக்டர்கிட்ட போட்டுவைக்கணும்" என்று நினைத்தபடிதான் உள்ளே போயிருந்தேன். அந்த நேரத்தில் அவர் உயிரோடு இல்லை.

நம் வானொலி நிலையத்தின் செய்திமடலுக்கு அவரைப் பற்றி நான் எழுத வேண்டும் என்றார்கள். ஆறு வருடம் ஒரே கட்டடத்தில் இருந்தவள் என்பதால் என்னைக் கேட்டார்கள். அவருடன் வேலை பார்த்தவர்களுக்கு அவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. நேயர்களான உங்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் குரலை நீங்கள் ஒருநாளும் கேட்டிருக்க மாட்டீர்கள். மைக், மிக்ஸர், டிரான்ஸ்மிட்டர், யு.பி.எஸ். என்று இந்த நிலையத்தில் கம்பி போகும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் அவர். நீங்கள் எங்களைக் கேட்டதெல்லாம் அவர் கை வழியாகத்தான் வந்தது. அந்தக் கையை நான் நம்பவில்லை. அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் சாத்தூர் பக்கத்துக்காரி. கணவருக்கு சிப்காட்டில் வேலை கிடைத்து ஓசூருக்கு வந்தோம். பால் பாக்கெட்டில் தேதியைப் பார்ப்பேன். பார்த்துவிட்டு, அதை அழித்து மேலே அச்சடித்திருக்கிறார்களா என்று நகத்தால் சுரண்டியும் பார்ப்பேன். வீட்டில் எனக்குப் பெயரே விசாரணைக் கமிஷன். இந்தக் குணத்தால் பல இடங்களில் ஏமாறாமல் தப்பித்திருக்கிறேன், அதனால் அதை ஒரு குறை என்று நான் நினைத்ததே இல்லை.

முனிரத்தினம் என்னைவிட மோசம். மிக்ஸரில் மேலும் கீழும் தள்ளுகிற குமிழ்கள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு மைக்கின் சத்தத்தைக் கூட்டும், குறைக்கும். அவற்றின் பக்கத்தில் வெள்ளை டேப் ஒட்டி, சாயங்காலம் கிளம்பும்போது எது எங்கே இருக்கிறது என்று பேனாவால் சின்னக் கோடு போட்டுவிட்டுப் போவார். காலையில் வந்ததும் குனிந்து கோட்டைப் பார்ப்பார். ஒரு மயிரிழை தள்ளியிருந்தாலும், "யாரு தொட்டது?" என்பார். நல்ல மைக் ஒன்றுதான் இருந்தது. அதை இரும்பு அலமாரியில் பூட்டிவைத்து, நிகழ்ச்சிக்குக் கால் மணி முன்னால் எடுத்துக் கொடுப்பார். திருப்பி வாங்கும்போது மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். நான் சத்தியமாகக் காபி குடிக்காத நாளிலும், "காபியா மேடம்?" என்று கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவர் கேட்ட ஒரு கேள்வி எனக்குள் முள்ளாகத் தைத்தது. நான் நடத்துவது 'ஷிப்டு முடிஞ்சாச்சு' என்கிற மாலை நிகழ்ச்சி. ஆறு மணிக்கு, வேலை விட்டு வந்தவர்கள் தொலைபேசியில் கூப்பிடுவார்கள், பேசுவார்கள், பாட்டுக் கேட்பார்கள். கூப்பிடுகிறவர்களில் பாதிப்பேர் தென்மாவட்டத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்பிள்ளைகள். இந்த ஊரில் யாரும் யாரையும் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "உங்களுக்கு எந்த ஊரு?" என்பதுதான். ஏனென்றால் முக்கால்வாசிப் பேருக்கு இது ஊர் இல்லை. நானும் அதைத்தான் கேட்டேன். எந்த ஊரு, எந்தப் பக்கம், கூட யார் இருக்கா, எந்த ஹாஸ்டல், எந்த லைன்ல வேலை? ஊர்ப் பெயரைக் கேட்டதும், "அட, எங்க ஊருக்குப் பக்கம்ல!" என்று நான் கத்துவேன். அந்தப் பக்கம் அந்தப் பிள்ளையும் சிரிக்கும். நிகழ்ச்சி பிடித்துப்போனதே அதனால்தான்.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்த என்னிடம் முனிரத்தினம் ஹெட்போன் கம்பியைச் சுற்றிக்கொண்டே கேட்டார்: "என்னாத்துக்கு மேடம் எல்லார்கிட்டயும் எங்க வேலைன்னு கேக்கறீங்க?"

"ஏன் சார், கேட்டா என்ன?"

"இல்ல, சும்மா."

சும்மா யாராவது கேட்பார்களா? எனக்கு உடனே தோன்றிவிட்டது. இவர் இங்கே வருவதற்கு முன் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். அங்கே பழக்கம் இருக்கும். தொழிலாளிகள் வானொலியில் என்ன பேசுகிறார்கள் என்று யாரோ தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள், இவர் அவர்களுடைய ஆள். அன்றிலிருந்து, கூப்பிட்டவர்களின் பெயரும் எண்ணும் எழுதிவைக்கும் பதிவேட்டை என் மேசையின் இழுப்பறையில் வைத்துப் பூட்டத் தொடங்கினேன். நான் பூட்டுவதை அவர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கு மேல் அந்தக் கன்னடம். அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு, எங்களிடம் தமிழ், தொலைபேசியில் பெரும்பாலும் கன்னடம். எனக்குக் கன்னடத்தில் பஸ் பிடிக்கவும் பூ வாங்கவும் மட்டும்தான் தெரியும். தமிழில் பேசிக்கொண்டிருப்பார், நான் உள்ளே வந்ததும் கன்னடத்துக்கு மாறுவார். ஒருநாள் ஷியாமளாவிடம், "என்ன பேசுறாரு?" என்று கேட்டேன். அவளுக்குப் பூர்வீகம் கர்நாடக எல்லையோரத்து ஜூஜுவாடி, மூன்று மொழியும் தண்ணீர்பட்ட பாடு. "பெங்களூர்ல மிக்ஸர் ரிப்பேர் பண்றவருக்கா. ஒரு சானல் கரகரங்குதாம்," என்றாள். நான் அவளையும் ஒருமாதிரி பார்த்தேன். இவளும் கூட்டோ என்று அன்று பூராவும் நினைத்துக்கொண்டிருந்தேன். பாவம், அவள் இதைப் படித்துச் சிரிக்கட்டும்.

இப்படி மூன்று வருடத்துக்கு மேல் ஓடியது. ஒரு மாலை, ஒரு பையன் கூப்பிட்டான். வானொலிப் பெட்டியைச் சத்தமாக வைத்துக்கொண்டே பேசினான். வழக்கமாக இணைப்பைக் கொடுப்பதற்கு முன்பே கட்டுப்பாட்டு அறையில் குறைக்கச் சொல்லிவிடுவார்கள், அன்று விட்டுப்போயிற்று. அப்படி வைத்தால் நான் பேசுவது அவர்கள் பெட்டியில் ஒலித்து, அவர்கள் தொலைபேசி வழியாக என் காதுக்கே திரும்பி வரும். "தம்பி, ரேடியோவைக் குறைங்க," என்று சொல்ல வாயைத் திறந்தவள் நின்றுவிட்டேன். என் "வணக்கம்" திரும்பி வந்தது. ஆனால் உடனே வரவில்லை. மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். இன்னொரு முறை "வணக்கம் தம்பி" என்று சொல்லிவிட்டு மறுபடி எண்ணினேன். ஏழு. நேரலை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது ஏழு விநாடி தாமதமாகத்தான் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் இயக்குநரிடம் கேட்டேன். அவர் புதிதாக வந்தவர், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. முனிரத்தினத்தைக் கூப்பிட்டார். மிக்ஸருக்குக் கீழே, கம்பிகளுக்குப் பின்னால் இருந்த ஒரு கறுப்புப் பெட்டியை அவர் காட்டினார். பேசுவதைப் பிடித்துவைத்து ஏழு விநாடி கழித்து வெளியே விடுகிற பெட்டி அது. இடையில் யாராவது தகாத வார்த்தை பேசினால் பொத்தானை அழுத்தலாம், அந்த ஏழு விநாடி ஊருக்குப் போகாமலே அழிந்துவிடும். பழைய கணினி ஒன்றைப் பிரித்து அவரே செய்திருக்கிறார். முந்தின இயக்குநர் வாய்வார்த்தையாகச் சரி என்றாராம், தாளில் ஒன்றும் இல்லை. பொத்தான் கட்டுப்பாட்டு அறையில் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. தகாத வார்த்தையா? என் நிகழ்ச்சியில் யாரும் அப்படிப் பேசியதாக எனக்கு நினைவில்லை. பிறகு அந்தப் பொத்தானுக்கு என்ன வேலை?

எது ஒலிபரப்பானாலும் மூன்று மாதத்துக்கு அது அப்படியே பதிவாகி இருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பதிவுகளை இரண்டு நாள் உட்கார்ந்து கேட்டேன். என் நினைவில் இருந்த உரையாடல்கள் அங்கங்கே தாவின. "வணக்கம்க்கா, நான்..." என்று ஒரு பிள்ளை தொடங்கும், சட்டென்று, "...அதாங்க்கா, சூப்பர்வைசர்கிட்ட சொன்னா கேக்க மாட்டேங்காரு" என்று வந்து நிற்கும். இப்படிப் பதினோரு இடம். ஒவ்வொன்றும் கம்பெனியைப் பற்றி யாராவது குறைசொன்ன உரையாடல். நான் சந்தேகப்பட்டது சரியாகிவிட்டது என்பதில் ஒரு சந்தோஷமும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. இயக்குநருக்குக் கடிதம் எழுதினேன். நான்கு பேர் கையெழுத்துப் போட்டோம். முதல் கையெழுத்து என்னுடையது.

விசாரணை இயக்குநரின் அறையில் நடந்தது. முனிரத்தினம் நின்றுகொண்டே பதில் சொன்னார். உட்காரச் சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டார்.

"வெட்டினது நீங்கதானே?"

"நான்தான் சார்."

"யார் சொல்லி வெட்டினீங்க?"

"யாரும் சொல்லல. நானேதான்."

"எதுக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு இயக்குநரைப் பார்த்தார். "இந்த ரூம்ல சொல்ல மாட்டேன் சார்," என்றார்.

இதைவிட என்ன வேண்டும்? யாருக்காக வேலை பார்க்கிறார் என்பதைச் சொல்ல முடியாமல் நிற்கிறார் என்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். பெட்டியைக் கழற்றினார்கள். கட்டடத்துக்குப் பின்னால் மேட்டில், ஒலிபரப்புக் கோபுரத்தின் அடியில் இருக்கும் டிரான்ஸ்மிட்டர் அறைக்கு அவரை மாற்றினார்கள். மின்விசிறிச் சத்தத்தைத் தவிர வேறு துணையில்லாத அறை அது. போகும்போது மைக் அலமாரியின் சாவியை என் மேசையில் வைத்துவிட்டு, "மைக்கு கிட்ட ஜாக்கிரதையா இருங்க மேடம். அதுக்கு நல்லவங்க கெட்டவங்க தெரியாது, எல்லாத்தையும் வாங்கிக்கினு போயி ஊர்ல விட்டுரும்," என்றார். என்னைக் குத்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு பெண் கூப்பிட்டாள். அவளை இங்கே ரேவதி என்று சொல்கிறேன், உண்மைப் பெயர் அதுவல்ல. சூளகிரிப் பக்கம் ஒரு கம்பெனி என்று சொன்னாள், கம்பெனிப் பெயரைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, அந்த அளவுக்கு எனக்கு விவரம் இருந்தது. ஆனால் அவள் குரலில் எங்கள் பக்கத்து வாடை அடித்தது.

"எந்த ஊரும்மா உனக்கு?"

"விளாத்திகுளம் பக்கம்க்கா."

"அட! நாங்க சாத்தூரு. கூட யாரு இருக்கா?"

"தங்கச்சியும் இங்கதான்க்கா. ரெண்டு பேரும் ஒரே ஹாஸ்டலு, ரெண்டாவது மாடி."

"ஒரே லைனா?"

"அவ பேக்கிங்க்கா. நான் மூணாவது லைனு."

அதன் பிறகுதான் அவள் மனதில் இருந்ததைச் சொன்னாள். பாத்ரூம் போனால் எத்தனை நிமிடம் ஆகிறது என்று லைன் லீடர் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாராம். மாதவிடாய் நாளில்கூட அப்படித்தானாம். சொல்லும்போது குரல் உடைந்தது. எனக்கும் கண் கலங்கியது. ஒரு விநாடிகூட வெட்டுப்படாமல் அது முழுதாக ஊருக்குப் போனது. வெளியே வந்து ஷியாமளாவிடம், "பாத்தியா, இதுதான் ரேடியோ," என்றேன்.

மறுநாள் மதியம் ரேவதி ஒரு பையோடு நம் வாசலில் நின்றாள். அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள், ஹாஸ்டலையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். தங்கைக்கு வேலை இருந்தது, அதனால் தங்கை வரவில்லை, ஃபோனையும் எடுக்கவில்லை. "கம்பெனி பேரச் சொல்லலையேக்கா. எப்படிக்கா தெரிஞ்சது?" என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். மேட்டிலிருந்து முனிரத்தினம் இறங்கி வந்தார். அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை, இருந்தும் வந்தார். ஷேர் ஆட்டோவில் அவளை ஏற்றி, தானும் ஏறி, பஸ் ஸ்டாண்டு வரை போய் அனுப்பிவைத்துவிட்டு வந்தார். திரும்பி வந்தவர் என் முன்னால் நின்றார்.

"இப்ப நிம்மதியா மேடம்?"

கேட்டுவிட்டு மேட்டுக்கு ஏறிப் போய்விட்டார்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கம்பெனிப் பெயர் வெளியே வரவில்லை. அப்படியானால் யாரோ உள்ளேயிருந்து ரேவதியின் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். பதிவேடு என் இழுப்பறையில் இருக்கிறது. பூட்டைத் திறக்கத் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் இந்த வளாகத்தில் இருக்கிறார், அவருக்கு என்மேல் கோபமும் இருக்கிறது. பழிதீர்த்துவிட்டார் என்று நினைத்தேன். பெட்டியைத் திரும்ப மாட்டலாமா என்று இயக்குநர் கேட்டபோது, "மறுபடி அவர் கையில பொத்தானைக் குடுக்கவா?" என்று கேட்டு அதையும் தடுத்துவிட்டேன். அதன்பின் இரண்டு வருடம், வராந்தாவில் எதிர்ப்பட்டால் நாங்கள் தலையை அசைத்துக்கொள்வதோடு சரி.

அவருடைய காரியத்துக்கு முந்தின நாள் ஷியாமளாவும் நானும் தேன்கனிக்கோட்டை பஸ் பிடித்து அவர் ஊருக்குப் போனோம். நான் போக விரும்பவில்லை, ஷியாமளாதான் இழுத்துக்கொண்டு போனாள். வீட்டைச் சுற்றி ராகி நின்றது. ஒரு பக்கம் மட்டும் யானை மிதித்துச் சாய்ந்து கிடந்தது. அவர் மனைவி யசோதம்மா எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"நீங்க எந்த செக்‌ஷன்மா?"

"சாயங்கால ப்ரோக்ராம் பண்றேன்ம்மா. 'ஷிப்டு முடிஞ்சாச்சு'."

சொம்பை வாங்கிக்கொண்டவர் அப்படியே நின்றார். "நீங்கதானா அந்த மேடம்?" என்றார். "புள்ளைங்க பேரெல்லாம் கம்பெனிக்காரனுக்குப் போயிக்கினு இருக்குதுன்னு அவரு பொலம்பிக்கினே இருப்பாரு. யாரு குடுக்கறாங்கன்னு கேட்டா உங்களத்தான் சொல்வாரு. நெசமா மேடம்? நீங்கதான் குடுத்தீங்களா?"

ஷியாமளா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறு வருடம் நான் அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன், ஆறு வருடமும் அவர் என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அதுவும் ஒரே குற்றத்துக்கு!

"இல்லம்மா. சத்தியமா நான் குடுக்கல," என்றேன்.

"அப்படியா," என்றார் யசோதம்மா. அந்த 'அப்படியா' எனக்கு நன்றாகத் தெரியும். காய்கறிக்காரர், "இன்னிக்குப் பறிச்சதுக்கா" என்னும்போது நான் சொல்கிற அதே 'அப்படியா'.

அவர் உள்ளே போய் ஒரு நீள நோட்டை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். ஒவ்வொரு பக்கமும் கோடு போட்டுப் பிரித்திருந்தது. தேதி, பேசியவர், மேடம் கேட்டது, அவர் சொன்னது, வெட்டியது. முனிரத்தினத்தின் குண்டு குண்டான எழுத்து. நான் படித்தேன். 'மேடம் கேட்டது: எந்த ஊர். சொன்னது: சங்கரன்கோவில். மேடம் கேட்டது: எந்த லைன். சொன்னது: பெயிண்ட் லைன். வெட்டினேன்.' அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும். முதல் சில பக்கங்களில் ஓரத்தில், 'ஏன் கேட்கிறார்?' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்.

அவர் யாருடைய குறையையும் வெட்டவில்லை. பேசியது யார் என்று காட்டிக்கொடுக்கிற வார்த்தைகளை வெட்டியிருக்கிறார். பொத்தானை அழுத்தினால் ஏழு விநாடி மொத்தமாகப் போகும், கூடவே இரண்டு வாக்கியமும் போகும். அந்த இரண்டு வாக்கியத்தைத்தான் நான் ஆதாரம் என்று கொண்டுபோய்க் கொடுத்தேன்.

டிரான்ஸ்மிட்டர் அறைக்குப் போன பிறகும் அவர் நிறுத்தவில்லை. அங்கே இருந்த சின்ன வானொலியில் கேட்டு எழுதியிருக்கிறார். ரேவதியின் பக்கம் வந்தது. என் கேள்விகள் வரிசையாக இருந்தன. விளாத்திகுளம், தங்கை, பேக்கிங், இரண்டாவது மாடி, மூன்றாவது லைன். கடைசிக் கட்டத்தில், 'வெட்ட முடியவில்லை' என்று மட்டும் இருந்தது. சூளகிரிப் பக்கத்தில் அப்படி எத்தனை பெண்கள் இருப்பார்கள்? ஒருத்திதான் இருப்பாள். எந்தப் பதிவேட்டையும் யாரும் திருடவில்லை. பூட்டை யாரும் திறக்கவில்லை. ஆறு மணிக்கு வானொலியைத் திருப்பிவைத்த எவருக்கும் அவள் யாரென்று தெரிந்திருக்கும். ஊர்க்காரப் பிள்ளை என்ற பாசத்தில் நானே அவளை அடையாளம் காட்டியிருக்கிறேன்.

"எதுக்கும்மா இதெல்லாம் அவரு எழுதினாரு?" என்று ஷியாமளா கேட்டாள்.

யசோதம்மா சொன்னார்: "அவரு கம்பெனில இருந்தப்ப புகார்ப் பெட்டி ஒண்ணு வெச்சாங்க. சொவத்துல ஆணியடிச்சு மாட்டினது இவருதான். கூட வேலை செய்யற ஒருத்தருகிட்ட, பேரு போட்டே எழுதுப்பா, ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிட்டாரு. ஒரு வாரத்துல அந்தாள வெளிய அனுப்பிட்டாங்க. அதுலருந்து இவருக்கு யார்மேலயும் நம்பிக்கை இல்ல."

நோட்டின் கடைசியில் ஒரு தாள் மடித்து வைத்திருந்தது. 'இயக்குநர் அவர்களுக்கு' என்று தொடங்கும் கடிதம். ரேவதி போன வாரத்தில் எழுதியது. என் பெயரைக் குறிப்பிட்டு, என் கேள்விகளைத் தேதிவாரியாகப் பட்டியலிட்டு, என்னை விசாரிக்க வேண்டும் என்று முடித்திருந்தார். கையெழுத்தும் போட்டிருந்தார். அந்தக் கடிதமும் நோட்டும் இயக்குநரின் மேசைக்குப் போயிருந்தால், அந்த வாரம் இருந்த சூட்டில், நான் மறுநாள் வேலையில் இருந்திருக்க மாட்டேன்.

"இத ஏன்மா குடுக்கல?" என்று கேட்டேன்.

"நானும் அதத்தான் மேடம் கேட்டேன். 'உங்கள மட்டும் மேட்டுக்குத் துரத்திட்டாங்களே, நீங்களும் கொண்டுபோயி குடுங்க'ன்னு அவருகிட்ட சண்டையே போட்டேன். ரெண்டு நாளு பையில வெச்சுக்கினு போனாரு, வந்தாரு. அப்பறம் எடுத்து இதுல வெச்சுட்டாரு. 'அந்தம்மா தப்பு பண்ணாம இருந்தா? அவங்க வேலை போயிருமே'ன்னாரு."

நான் அழுதது அப்போதுதான். யசோதம்மா என்னைத் தேற்றவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். கொஞ்சம் அடங்கியதும் அவரிடம் சொன்னேன்: "பேரை நான் குடுக்கலம்மா. ஆனா எல்லாத்தையும் கேட்டது நான்தான். சார் எழுதினது சரிதான்." அவர் யோசித்துவிட்டு, "இத அவரு இருக்கும்போது வந்து சொல்லியிருக்கலாமே மேடம்," என்றார். கிளம்பும்போது அந்த நோட்டை நான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "எங்கிட்டயே இருக்கட்டும்," என்று வாங்கி உள்ளே வைத்துவிட்டார். என்னை நம்பவில்லை. நம்பும்படி நான் எதுவும் செய்திருக்கவில்லையே.

இப்போது நான் எந்தப் பிள்ளையிடமும் ஊரைக் கேட்பதில்லை. "அக்கா, நான் வந்து..." என்று தானாகவே தொடங்கினாலும், "அது இருக்கட்டும், விஷயத்தைச் சொல்லு," என்றுவிடுகிறேன். நிகழ்ச்சி முன்னைப்போல் கலகலப்பாக இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். பெட்டியைத் திரும்ப மாட்டச் சொல்லி இயக்குநரிடம் நானே கேட்டிருக்கிறேன். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று சொல்ல ஆள் இல்லை, பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ரேவதிக்கு ஃபோன் செய்தேன். ஊரில் தையல் வேலைக்குப் போகிறாளாம். நடந்ததைச் சொன்னேன். "அந்த சார் பஸ் கிளம்புற வரைக்கும் நின்னாருக்கா," என்றாள்.

என்னிடம் பதினோரு துண்டுப் பதிவுகள் இருந்தன, கடிதம் எழுத எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அவரிடம் ஒரு நோட்டு நிறைய ஆதாரம் இருந்தது, அவர் தன் சந்தேகத்தையும் சேர்த்துச் சந்தேகப்பட்டார். முனிரத்தினம் சார் என்னை நம்பாமலேதான் செத்துப்போனார். நான் கெட்டவள் என்றே கடைசி வரைக்கும் நினைத்திருக்கலாம். அப்படி நினைத்துக்கொண்டே அந்தக் கடிதத்தைக் கொடுக்காமல் இருந்திருக்கிறார். அவர் நினைவாக என்னிடம் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், என் வேலை இருக்கிறது.